லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

முதல் நாள் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, நீங்க கண்டிப்பா ஒரு தபா விழுவீங்க. இன்னிக்கே விழுந்துருங்க. இங்க மணல் கீது."

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மாடம்பாக்கத்தில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைத்து நடத்துகிறவள். நான் வந்தது ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள, விழுவதற்கு நாள் குறிக்க அல்ல. வந்த கோபத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினேன். அவள் காட்டிய அதே மணலில் போய் விழுந்தேன். அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, என் முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "முடிஞ்சிச்சா? இனிமே விழ மாட்டீங்க" என்றாள். சொன்னபடியே இன்றுவரை நான் வண்டியிலிருந்து விழவில்லை.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று மூன்று ஊர்ப் பெண்களும் போனை எடுத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். காலையில் கணவன் குளித்துவிட்டு வரட்டும் என்று வாசலில் நிற்காமல், தானே வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். நான் பழகிய காலத்தில் அவளுக்கு முப்பது வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். தோளில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஏரிக்குப் பின்னால் பிளாட் போட்டுக் கல் நட்டு, வீடே வராமல் கிடந்த மனைப்பிரிவில் காலை ஆறு மணிக்கு அவள் வகுப்பு ஆரம்பிக்கும்.

நாம் முன்னால் உட்கார வேண்டும். அவள் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நம் கைமேல் வைப்பாள். புதிதாக வருகிற யாராக இருந்தாலும் ஹேண்டில்பாரைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருப்பார்கள். அப்போது காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் வரும். "கைய லூஸா வுடுங்க. பயம் மொதல்ல கைலதான் வரும்." இதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். சொல்லிச் சொல்லி எங்கள் வீடுகளிலெல்லாம் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. என் மகள் பரீட்சைக்குக் கிளம்பும்போது நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குப் பொய் வராது. நல்ல குணம் என்று பாராட்டிச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கோலம் வராது, அந்த மாதிரி அவளுக்குப் பொய் வராது. ஒரு நாள் ஒருவர் மனைவியைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பத்து நாள்ல கத்துக்குவாளா?" என்று கேட்டார். "சார், நீங்க இங்க நின்னா இருவது நாள் ஆவும். வூட்டுக்குப் போனா எட்டு நாள்" என்றாள் இவள். அவர் முறைத்துக்கொண்டே போனார். அந்தப் பெண் ஏழே நாளில் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று இவளுக்கு வருத்தம்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு அவளே கூட வருவாள். ஒரு தடவை அவளுடைய மாணவி எப்படியோ தட்டுத்தடுமாறிக் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். இவள் குறுக்கே போய், "சார், இது ஏதோ தெரியாம வந்துருச்சி. இவங்களுக்கு ரைட்டுல திரும்பறது இன்னும் வரல. மெயின் ரோட்டுல போனா பேஜாராயிடும். அடுத்த வாரம் கூட்டியாறேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். அந்த மாணவி நான்தான். நாலு நாள் அவளோடு நான் பேசவில்லை. ஆனால் மறுபடி டெஸ்டுக்குப் போகும்போது எனக்கு ரைட்டில் திரும்பத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு நான் பதிலுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

அவளிடம் நான் பார்த்த ஒரே விசித்திரம் அவள் கை நடுக்கம். பெரிய நடுக்கம் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது, கைமேல் கை வைத்திருக்கும்போது, மெல்லிசாக ஒரு ஆட்டம் தெரியும். வகுப்புப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அவளிடம் கேட்க மாட்டார்கள். லைசென்ஸ் வாங்கின மாதமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு மாலை கடையில் கூட்டமாக இருந்தபோது அவள் வந்தாள். வழக்கமாக வாங்கும் கடையை மூடிவிட்டார்களாம். சீட்டை நீட்டினாள். அடையாறில் ஒரு மனநல மருத்துவர் எழுதியது. லித்தியம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான் படித்து முடிக்கும் முன்பே அவள் சாதாரணக் குரலில் ஆரம்பித்தாள்.

"எனக்கு பைபோலார் அக்கா. பத்தொம்போது வயசுல வந்துச்சி. கொஞ்ச நாள் ரொம்ப மேல போயிருவேன், தூக்கமே வராது, ஊரையே நாந்தான் நடத்தறன்னு தோணும். அப்பால கீழ போயிருவேன், பல்லு வெளக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன். இந்த மாத்திர போட்டதுல இருந்து ஒண்ணியும் இல்ல. தாகம் எடுக்கும், கை கொஞ்சம் ஆடும், அவ்ளோதான்."

கடையில் நின்றிருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கவுன்டர் பலகையைத் தூக்கி அவளை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"இதெல்லாம் இப்படி நடுக்கடையில சொல்லுவாங்களாம்மா?"

"இன்னாக்கா தப்பு? ஒடம்புக்கு வர்ற மாதிரிதானே?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? மென்டல் மாத்திரை சாப்பிடறவகிட்ட எந்தப் பொண்ணு வண்டி கத்துக்க வருவா? நாளைக்கே கிளாஸ் காலியாயிடும். யாராவது கேட்டா தைராய்டுன்னு சொல்லு."

"தைராய்டு எனக்கு இல்லியே."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இந்தக் காலனியில வீட்டுக்கு ஒருத்தர் அந்த மாத்திரைதான் சாப்பிடறாங்க. தினமும் மாத்திரை, அப்பப்ப பிளட் டெஸ்ட், கை நடுக்கம், எல்லாத்துக்கும் பொருந்தும். யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க."

அவளுக்கு வீட்டில் அண்ணன் மட்டும்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவர் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றுதான் அவள் இந்த வகுப்பையே தொடங்கினாள். அதை நினைத்தாளோ என்னவோ, கடைசியில் சரி என்று தலையை ஆட்டினாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதோடு விடாமல், என் மாமியார் சாப்பிட்டு முடித்த தைராய்டு மாத்திரை பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, லித்தியம் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டுக் கொடுத்தேன். பையில் இருந்து எடுத்தால்கூட யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

மறுநாள் காலையில் அவள் முதல் பொய்யைச் சொன்னபோது, ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். கலைவாணி என்று ஒரு பெண் கேட்டாள். வங்கியில் வேலை, வாயும் மனசும் ஒன்றாக இருப்பவள், நிஜமாகவே தைராய்டுக்கு என் கடையில் மாத்திரை வாங்குபவள். "என்னங்க, கை நடுங்குதே?" என்றாள். இவள் முகமெல்லாம் சிவந்து, "தைராய்டு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அரை பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அதன்பிறகு அவளுக்கு ஏகப்பட்ட உறவு. தைராய்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முட்டைக்கோஸ் சாப்பிடாதே என்றார்கள். கொத்தமல்லி விதையைக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் என் கடைக்கு வந்து புலம்புவாள்: "அக்கா, பொய்ய நான் சொல்லிட்டேன், இப்ப அதுக்குக் கஷாயம் குடுக்கறாங்க. குடிக்கறதா, வேணாமா?" நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். வகுப்புக்கு ஆள் குறையவே இல்லை. பார்த்தாயா என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பழைய சீட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. எனக்குச் சட்டம் தெரியும், படித்துத்தான் கடை வைத்திருக்கிறேன். அவளும் ஆரம்பத்தில் ஒழுங்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடையாறு போய் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். போக வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும், அன்றைக்கு வகுப்பு கிடையாது. ஒரு தடவை அவளுக்கு நல்ல ஜலதோஷம். "நல்லாத்தானே இருக்க? இதே மாத்திரைதானே எழுதப்போறாரு? எதுக்கு அலையணும், நான் தர்றேன்" என்று நான்தான் சொன்னேன். அன்புதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த முறையும் கொடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

மடித்து மடித்துச் சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்கியது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுக் கொடுப்பார்கள். நானே கொண்டுபோய் அந்தச் சீட்டையும் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தேன். மருந்துச் சீட்டுக்கு யாராவது லேமினேஷன் போடுவார்களா? நான் போட்டேன். பளபளவென்று, தண்ணீர் பட்டாலும் அழியாமல், மூன்று வருடம் அதே சீட்டு என் கடைக்கு வந்துபோனது.

அதன் கடைசி வரியில் டாக்டர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் லித்தியம் அளவு, தைராய்டு, கிட்னி பரிசோதனை. லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பை மட்டுப்படுத்திவிடும். மருந்துக் கடைக்காரிக்கு இது தெரியாததல்ல. படிக்கிற காலத்தில் இதற்கு மார்க் வாங்கியவள் நான்.

நான்காவது வருடம் சித்திரை மாதம். ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. காலை ஏழு மணிக்கே முதுகில் வியர்வை ஓடும். அவள் அண்ணனுடைய சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். "குளுருதுக்கா" என்றாள். குரல் கட்டியிருந்தது. ஒல்லியாக இருந்தவள் ஊதிப்போயிருந்தாள், கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. ஓடிவந்து வண்டியைப் பிடிக்கிறவள் மனைக் கல்மேல் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் காட்டினாள். ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததை மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வகுப்பு நேரம் ஆறிலிருந்து ஏழானது, பிறகு சில நாள் வகுப்பே இல்லை.

கலைவாணி என் கடைக்கு மாத்திரை வாங்க வந்தபோது சொன்னாள்: "ஏங்க, அவங்க கழுத்தப் பாத்தீங்களா? முன்பக்கம் வீங்கியிருக்கு. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. குளிரு, தூக்கம், மறதி, எல்லாம் அதேதான். தைராய்டு டோஸ் பத்தல போல. நீங்க சொன்னா கேப்பாங்க, டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்களேன்."

"சொல்றேன்" என்றேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்தத் தைராய்டே நான் கொடுத்த தைராய்டு அல்லவா? நாலைந்து பெண்கள் என்னிடம் இதே மாதிரி சொன்னார்கள். எதுவும் தெரியாத அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். எல்லாம் தெரிந்த நான் ஒருத்திதான் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே செய்த பொய்க்கு வைத்தியம் பார்ப்பேனா?

அவள் அண்ணனும் என்னைத்தான் கேட்டார். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். "மேடம், அது மறுபடி மூலைல குந்திகினு கீது. எயிந்துக்கவே மாட்டேங்குது. பழைய மாதிரி ஆயிடுச்சா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"அந்த மாதிரிதான் தெரியுது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நான் சொன்னேன்.

மறுநாள் அவளே வந்தாள். மத்தியானம், கடையில் ஆள் இல்லை. கவுன்டரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நெஜத்த சொல்லுங்கக்கா. எனக்குத் திரும்ப வந்துருச்சா?"

அந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்திருந்தது. தோல் வறண்டு செதில் விட்டிருந்தது. கழுத்தில் வீக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி அப்படி வந்து நின்றிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன், போய்த் தைராய்டு டெஸ்ட் எடும்மா என்று. இவளுடைய நோய் எனக்குத் தெரியும் என்கிற மிதப்பு என் கண்ணைக் கட்டியிருந்தது.

"வந்திருக்கும் போலதாம்மா இருக்கு" என்றேன். "கவலப்படாத, மாத்திரைய விடாம சாப்பிடு."

"ஒரு நாள்கூட வுடலக்கா. ஒரு நாள்கூட" என்றாள். அவள் சொன்னால் அது உண்மை. அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள்.

ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டும் வந்துவிட்டது என்றால் அந்த மாத்திரை எதற்கு? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அந்த மாதம் வாங்க வரவில்லை. அண்ணன் வந்து வாங்கியிருப்பார், நான் இல்லாமல் கடைப் பையன் மட்டும் இருந்தபோது வந்திருப்பார் என்று எனக்கு நானே ஏதோ சொல்லிக்கொண்டேன்.

ஆறேழு வாரம் போயிருக்கும். ஒரு முற்பகல் கலைவாணி வங்கியிலிருந்து போன் செய்தாள். "உடனே வாங்க. வண்டலூர் பக்கம், எங்க பேங்க் எதிர்லயே, ஜிஎஸ்டி ரோட்டுல நிக்கறாங்க." நான் கடையைப் பூட்டிவிட்டு, அவள் கற்றுக்கொடுத்த வண்டியில், அவள் கற்றுக்கொடுத்தபடி ரைட்டில் திரும்பிப் போனேன்.

சிக்னலுக்குப் பக்கத்தில், நாலா பக்கமும் வண்டி நிற்க, நடு ரோட்டில் நின்று அவள் போக்குவரத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஸ்வெட்டரைக் காணோம். கண் பிரகாசமாக இருந்தது. தொண்டை கிழிந்துபோன குரலில் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் போய் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார், நீங்க இண்டிகேட்டர் போடறதேயில்ல." "யம்மா, கைய லூஸா வுடு, இன்னாத்துக்கு அப்படிப் புடிக்கற?" ஒரு பஸ் டிரைவரை நிறுத்தி, "அண்ணே, நீங்க நல்லா ஓட்டறீங்க" என்று கைகொடுத்தாள். அவள் சொன்ன ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை. சிலர் சிரித்தார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். அவர்கள் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. நான் ஓரமாக வண்டியோடு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, ஹெல்மெட் பக்கிள் போடல நீங்க" என்றாள். போலீஸ்காரர் ஒருவரும் அவள் அண்ணனும் சேர்ந்து அவளைக் கூட்டிப்போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பு அடியோடு படுத்துவிட்டிருந்தது. மாதக் கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது, குளிரும் வீக்கமும் மறதியும் சோர்வும் எல்லாம் அதனால்தான், அதை அன்றைக்கே பார்த்திருந்தால் ஒரு சின்ன மாத்திரையோடு முடிந்திருக்கும், அவளும் லித்தியத்தை நிறுத்தியிருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதாக அவள் அண்ணன் கடைக்கு வந்து சொன்னார். என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை அவர். நல்ல செய்தி என்று நினைத்துச் சொல்ல வந்தார். "பழைய மாதிரி ஆவல மேடம், தைராய்டாம்" என்றார்.

குணமாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள். தனக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எது பொய், எது இப்போது நிஜம், எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யை யார் சொல்லச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். நான் பயந்தபடியே நடந்தது. ஆனால் அதற்குப் பயந்து நான் செய்த காரியத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. கலைவாணி என் கடைக்கு வந்து நின்றாள். "லித்தியம்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நானே இழுத்துட்டுப் போயிருப்பேங்க. எங்க அப்பாவுக்கும் அதே மாத்திரதான்" என்றாள். அன்றிலிருந்து அவள் மாத்திரை வாங்குவது வேறு கடையில்.

சில மாதத்தில் அண்ணனும் தங்கையும் கேளம்பாக்கம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஐ.டி. கம்பெனிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள் என்று கேள்வி. முதல் நாளே தன் நோயைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறாளாம். இருப்பவர்கள் இருக்கிறார்களாம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இங்கிருந்து போவதற்கு முன் அவள் ஒரே ஒரு தடவை என் கடைக்கு வந்தாள். மாலை நேரம். மூன்று பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இரண்டு புதுச் சீட்டுகளைக் கவுன்டரில் வைத்தாள். முகத்தில் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது.

"இது மனசுக்கு. இது தைராய்டுக்கு. இத சாப்ட்டதாலதான் இது வந்துச்சி. ரெண்டும் குடுங்க" என்றாள், முதல் நாள் சொன்ன அதே சாதாரணக் குரலில்.

எனக்குப் பழக்கதோஷம், மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். "மெதுவா பேசும்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள். "ஆஸ்பத்திரில கேட்டாங்க, டெஸ்ட் இல்லாம மூணு வருசம் யாரு மாத்திர குடுத்தாங்கன்னு. ஒங்க பேரச் சொல்லிட்டேன்க்கா. கேட்டாங்க, சொல்லிட்டேன்."

"சரி" என்றேன். தைராய்டு பாட்டிலை எடுத்து வைத்தேன். லித்தியம் அட்டையை எடுத்துக் கத்திரியால் வெட்டத் தொடங்கினேன். அவள் துணிப்பையிலிருந்து அந்த லேமினேஷன் சீட்டை எடுத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இத டாக்டரு படிச்சிக் காமிச்சாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஒங்களுக்குத் தெரியும். நீங்க அப்ப இதப் படிச்சீங்களாக்கா?"

மூன்று வருடம் எத்தனையோ தடவை கையில் வாங்கிப் பார்த்த சீட்டு. எழுத்து சின்னது, கவனிக்கவில்லை என்று சொல்லலாம். வாயில் அது தயாராகவே இருந்தது. கத்திரி கோணலாகப் போய் ஒரு மாத்திரையை நடுவில் வெட்டியது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். கவுன்டருக்கு மேல் கையை நீட்டி, ஏரிக்கரையில் வைப்பது போலவே, தன் கையை என் கைமேல் வைத்தாள். அவள் கையும் மெல்லிசாக ஆடியது. அவளுக்கு அது மாத்திரையால்.

"கைய லூஸா வுடுங்கக்கா" என்றாள்.

கத்திரியைக் கீழே வைத்தேன். அந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி, "படிச்சேன்" என்று சொன்னேன்.